எச் என்று ஒரு சுரம் இல்லை

இல்லை அக்கா, கல்யாணத்துக்குப் போய்விட்டு வரவில்லை. இந்தப் பொன்னாடை அப்பாவுக்குப் போர்த்த வேண்டியது. அவர் உயிரோடு இல்லை, அதனால் எனக்குப் போர்த்தினார்கள். பையில் இடமில்லாமல் மடியில் வைத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. 'ஐயோ பாவம்' எல்லாம் வேண்டாம். ஒரு வருஷமாக அதைத்தான் கேட்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அடக்கத்தன்று எல்லாரும் என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இப்போது அழுவாள், இப்போது அழுவாள் என்று. அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, அது போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது. தொட்டால் தெரியும். வலிக்காது.

நீங்கள் திருச்சியில்தானே இறங்குகிறீர்கள்? நான் திருநெல்வேலி. அங்கே ரயிலை விட்டு இறங்கி ஒரு பஸ், எங்கள் ஊர் கிருபைநகரம். என்ன விழா என்று கேட்டீர்கள், அதனால் முழுசாகச் சொல்கிறேன். நடுவில் தூக்கம் வந்தால் தூங்குங்கள். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

என் பேர் ஹெப்சிபா. ஹெப்சி. பதினேழு வயது. பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. கெமிஸ்ட்ரி மிஸ் 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் நாற்பது பேரும் 'புரிஞ்சுது மிஸ்' என்பார்கள். நான் மட்டும் 'புரியல' என்பேன். நான் பொய் சொல்வதில்லை. ஆறு மாதம் அப்படியே போனது. புரியாத இடத்தில் எதற்கு உட்கார வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். இப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை. அது எனக்குப் புரிகிறது. வைத்தால் வருகிறது.

அப்பா பேர் வேதமுத்து. மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுப்பவர். ஊரில் 'ஈபி சார்' என்றால்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துவார். முப்பத்தொரு பாட்டு எழுதியிருக்கிறார், சொல்லும் மெட்டும் அவரே. மீட்டர் பெட்டி முன்னால் நின்று முணுமுணுப்பார். வீட்டுக்காரர்கள் யூனிட்டைக் கூட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். சுற்றுவட்டாரத்தில் பத்துப் பதினைந்து சர்ச்சுகளில் அவர் பாட்டைப் பாடுவார்கள். அதைத் தாண்டி யாருக்கும் அவரைத் தெரியாது. பெரிய ஆள் என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். "சரி. சனிக்கிழமை பயிற்சிக்கு மட்டும் வந்துரு" என்றார். குழுவில் எட்டுப் பேர். எட்டாவது ஆள் நான். நான் போகவில்லை. ஏனென்றால் பயிற்சி முடிந்து டீ குடிக்கும்போது லீதியாள் பெரியம்மா இருப்பார்கள். "ஏட்டி, உன் வயசுப் பிள்ளையெல்லாம் நீட் எழுதுது, நீ என்னத்த எழுதுற?" என்பார்கள். "பில் எழுதுறேன் பெரியம்மா" என்று ஒரு வாரம் சொல்லலாம். வாராவாரம் சொல்ல முடியாது. அதனால் போகவில்லை. அப்பா சனிக்கிழமைதோறும் நாலு மணிக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் கொஞ்சம் நிற்பார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் போய்விடுவார். பன்னிரண்டு சனிக்கிழமை.

பதின்மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை, மேலத்தெருவில் ஒரு வீட்டு மீட்டர் முன்னால் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. நான் அப்போது ஒருத்தருடைய ஆதார் கார்டை முன்னும் பின்னும் எடுத்துக்கொண்டிருந்தேன். போன் வந்த பிறகும் பின்பக்கத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் விட்டால் அவர் திரும்ப வர வேண்டும் இல்லையா.

இதெல்லாம் முன்கதை. விஷயம் இனிமேல்தான்.

ரூபன் என்று ஒருத்தர். சின்னப் பையனாக எங்கள் ஊரில் அப்பாவிடம் பாடியவர். அவருக்குப் பன்னிரண்டு வயதில் குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. பிறகு வெளிநாட்டில் சங்கீதம் படித்து, இப்போது சென்னையில் இசையமைக்கிறார். சினிமாவுக்கு இல்லை. நாலு பேர் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி. வயலின் இரண்டு, வயோலா ஒன்று, செல்லோ ஒன்று. வயோலா என்பது கொஞ்சம் சதை போட்ட வயலின். செல்லோவைக் கால்களுக்கு நடுவில் நிறுத்தி வைத்து வாசிக்கிறார்கள். பாடுகிறவர் கிடையாது, மைக் கிடையாது. அப்பா செத்த செய்தி கேட்டு வீட்டுக்கு வந்தார். "அண்ணனோட பாட்டை வச்சு அவருக்கு ஒரு படைப்பு எழுதப் போறேன் அக்கா" என்று அம்மாவிடம் சொல்லி, நோட்டுகளைக் கேட்டார். அம்மா மூன்று நோட்டையும் எடுத்து என்னிடம் கொடுத்து, "காப்பி எடுத்துக் குடு. ஒரு பக்கம் விடாத" என்றார்கள்.

ஒரு பக்கம்கூட விடவில்லை. அட்டையின் உள்பக்கத்தையும் எடுத்தேன். எதையும் படிக்கவில்லை. ஜெராக்ஸ் எடுக்கிறவள் படிக்க ஆரம்பித்தால் வேலை ஓடாது.

அங்கேதான் தப்பு நடந்தது. தப்பு யாருடையது என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் சர்ச்சுகளில் பாட்டை எப்படி எழுதுவார்கள் தெரியுமா? ஐந்து கோடு போட்டு முட்டை முட்டையாக வரைகிற முறை கிடையாது. டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டீ என்று ஏழு சுரம். அதன் முதல் எழுத்தைச் சின்ன இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவார்கள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இரண்டு புள்ளி. சுரம் நீண்டால் அடுத்த இடத்தில் எழுத்துக்குப் பதில் ஒரு கோடு. வெள்ளைக்காரர்கள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனது. அப்பாவுக்கு அது கைப்பழக்கம். மளிகைச் சீட்டுகூட முதல் எழுத்தும் புள்ளியுமாகத்தான் எழுதுவார். கடைக்காரர் திட்டுவார்.

நோட்டு போன மூன்றாவது மாதம் ரூபன் அம்மாவுக்குப் போன் பண்ணினார். "அக்கா, அண்ணன் கடைசியா ஒரு பாட்டு ஆரம்பிச்சிருக்காரு. சொல்லே இல்ல, சுரம் மட்டும். மூணாவது நோட்டுப் பின் அட்டைக்கு உள்பக்கம். பன்னிரண்டு வரி. ஒரே வரிதான், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாத்தி மாத்தி எழுதிப் பாத்திருக்காரு. இப்படி ஒண்ணு அவரு எழுதினதே இல்ல" என்றார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்கள். அவர் பாடிக் காட்டினார். சோ, மி, லா, டோ, டீ, ரே, ஃபா. அந்த ஃபாவை அப்படியே இழுத்தார்.

எனக்கு அது பாட்டு மாதிரியே இல்லை. படியில் தடுக்கி விழுகிற மாதிரி இருந்தது. ஆனால் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. அப்பா செத்ததிலிருந்து அம்மா சர்ச்சில்கூட வாயைத் திறந்து பாடவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே அந்த வரியை முனகினார்கள். மறுநாளும். பள்ளிக்கூடத்துக்குச் சேலை கட்டும்போதும். அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். நடு வீட்டில் நின்று, முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஃபா வரைக்கும் வந்து நின்றுவிடுவார்கள்.

அடுத்த புதன்கிழமை வருஷம் திரும்புகிறது. கல்லறைக்குக் கல் வைக்க வேண்டும். பேர், பிறந்த நாள், இறந்த நாள், அதுக்குக் கீழே ஒரு வேத வசனம், இதுதான் எல்லாரும் போடுவது. அம்மா வசனம் வேண்டாம், அந்த வரிதான் வேண்டும் என்றுவிட்டார்கள். பாஸ்டரும் சம்மதித்துவிட்டார். கல் வெட்டுகிற அந்தோணி அண்ணன் கல்லைத் தேய்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். "சென்னைல நடக்குற கச்சேரிக்கு நீ போய்ட்டு வா ஹெப்சி. எனக்கு வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்ஷன். ரூபன் தம்பிகிட்டருந்து முதல் வரியைச் சரியா எழுதி வாங்கி அந்தோணிக்கு அனுப்பு. ஒரு புள்ளி தப்பக் கூடாது" என்று அம்மா என்னை அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை ஒத்திகைக்குப் போனேன். எழும்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட அரங்கம். செல்லோ வாசிக்கிற அக்கா முன்னால் ஸ்டாண்டில் அந்தப் பின் அட்டைப் பக்கத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். என் கடை மிஷினில் எடுத்ததுதான், ஓரத்தில் எங்கள் மிஷின் எப்போதும் போடுகிற கறுப்புக் கறை இருந்தது. அப்போதுதான் நான் அதை முதல்முறையாகப் படித்தேன்.

படித்த உடனே தெரிந்துவிட்டது அக்கா.

அது பாட்டில்லை. வருகைப் பதிவு.

எஸ் என்றால் சாராள் அக்கா. எம், மெர்சி டீச்சர். எல், லீதியாள் பெரியம்மா. டேனியல் அண்ணனுக்கு ஒரு டி, தபித்தாள் அக்காவுக்கு ஒரு டி, இரண்டும் வேறு வேறு டி, டோ ஒன்று, டீ ஒன்று. ஆர், ராஜமணி மாமா. எஃப், ஃபிராங்ளின். குழுவில் சேர்ந்த வரிசைப்படி. ஏழு பேரும் ஏழு சுரமாக அமைந்துபோனது. அதுக்கு முந்தின வருஷம் வரை ஜெபராஜ் என்று ஒரு அண்ணன் இருந்தார், ஜே. அவர் துபாய் போகாமல் இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. வந்த ஆளுக்கு எழுத்து. வராத ஆளுக்குக் கோடு. ரூபன் பாடிய காலத்தில் முப்பது பேர் இருந்தார்கள், ரிஜிஸ்டர் இருந்தது, அதனால் அவருக்கு இது தெரிய வழியில்லை. அப்பா மேலே தேதி போட்டிருந்தாலாவது தெரிந்திருக்கும். தேதி போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

எட்டாவது இடம் என்னுடையது. பன்னிரண்டு வரியிலும் எட்டாவது இடத்தில் கோடு.

நான் ஒரே ஒரு சனிக்கிழமை போயிருந்தால் போதும். ஒரு எச் விழுந்திருக்கும். எச் என்று ஒரு சுரம் இல்லை. அதைப் பார்த்த உடனே ரூபன் 'ஓ, இது வேற ஏதோ' என்று அந்தப் பக்கத்தைத் தூக்கிப் போட்டிருப்பார். நான் போகாததால்தான் அது பாட்டானது. இதில் எனக்கு வருத்தம் என்று சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒத்திகையில் ஒன்றும் சொல்லவில்லை. நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டு லீதியாள் பெரியம்மாவை வாசித்துக்கொண்டிருந்தார்கள். என்னத்தைச் சொல்ல?

நேற்று சாயங்காலம் கச்சேரி. எனக்கு முதல் வரிசை. மொத்தம் நாற்பது நிமிடம். முதலில் அப்பாவுடைய பழைய பாட்டுகள் இரண்டு மூன்றை உடைத்து உடைத்துப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்றை நான் சண்டே ஸ்கூலில் பாடியிருக்கிறேன், அடையாளம் தெரிந்தது. கடைசிப் பகுதிதான் அந்தப் பன்னிரண்டு வரி. வாசிப்பதற்கு முன் ரூபன் எழுந்து பேசினார். "ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு நீட்டல் இருக்கிறது. ஒருமுறைகூட அந்த நீட்டல் தீரவில்லை. வேதமுத்து அண்ணன் ஏதோ ஒரு சுரத்துக்காகக் காத்திருந்தார். அந்தச் சுரம் வரவே இல்லை" என்றார். எனக்குப் பின்னால் ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினார்கள்.

நான் என்ன செய்தேன் என்றால், ஆளை எண்ணினேன். முதல் வரி, ஏழு பேரும் வந்திருக்கிறார்கள். இரண்டாவது வரி, டேனியல் அண்ணன் வரவில்லை. நாலாவது வரியில் ஃபிராங்ளின் வரவில்லை, கிரிக்கெட் டோர்னமென்ட், அதனால் ராஜமணி மாமா மூன்று இடத்துக்கு நீண்டார். ஏழாவது வரி பூராவும் ஒரே ஒரு சோ. முதல் வயலின் மட்டும் தனியாக இழுத்தார், மற்ற மூன்று பேரும் வில்லை மடியில் வைத்துவிட்டார்கள். ஒருத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது என்னவென்றால், அன்றைக்குப் பெரிய மழை. சாராள் அக்கா வீடு சர்ச்சுக்கு நேர் எதிரே. அவர்கள் மட்டும் குடை பிடித்து வந்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு வரி முடிவிலும் என் கோடு வந்தது. ஏழாவது வரி தவிர மற்றதிலெல்லாம் செல்லோ அக்கா அதை வாசிப்பார். முதலில் நாலு விநாடி, போகப் போக நீட்டிக்கொண்டே போய், பன்னிரண்டாவதில் பதினெட்டு விநாடி. நான் எண்ணினேன். அப்போது அந்த அக்காவின் காலுறையில் ஒரு ஓட்டை இருந்ததைப் பார்த்தேன், பெருவிரல் பக்கம். பிறகு எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மேடைக்குக் கூப்பிட்டு இதைப் போர்த்தினார்கள்.

அதுக்கப்புறம் ரூபனிடம் சொன்னேன். மேடைக்குப் பின்னால் ஒரு அறை, வயலின் பெட்டிகளும் சமோசாவும் இருந்த இடம்.

"சார், ஒண்ணு சொல்லணும்."

"சாரா? அண்ணான்னு கூப்பிடு ஹெப்சி."

"அது பாட்டு இல்லண்ணா."

"எது?"

"கடைசி பன்னிரண்டு வரி. அது அட்டெண்டன்ஸ்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். ஃபிராங்ளின் வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. பின்னால் பார்க்காமல் உட்காரப் போனார்.

"அண்ணே, அது செல்லோ பெட்டி! உடைஞ்சிரும்!" என்று அந்த அக்கா கத்தினார். ரூபன் விலகித் தரையில் உட்கார்ந்தார்.

"அந்த ஏழாவது வரி... தனி வயலின்..."

"அன்னைக்கு மழைண்ணா."

"மழை."

"ஆமா."

"கச்சேரிக்கு வந்தவங்களுக்கெல்லாம் புத்தகத்துல அச்சடிச்சுக் குடுத்துட்டேனே! 'மரணத்தின் முன் ஒற்றைக் குரல்'னு போட்டிருக்கேனே!"

"ஒற்றைக் குரல் சரிதானண்ணா. சாராள் அக்கா மட்டும்தான் வந்தாங்க."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கையை எடுத்துவிட்டு, "அப்ப அந்தக் கடைசிக் கோடு? பன்னிரண்டு வரியிலயும் இருக்கே. அது யாரு?" என்றார்.

"யாரும் இல்ல. காலி இடம். ஒரு ஆள் துபாய் போய்ட்டாரு."

ஜெபராஜ் அண்ணன் துபாய் போனது நிஜம். அதனால் அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

"உங்கம்மா இதைக் கல்லுல வெட்டப் போறாங்களே" என்றார்.

"ஆமா."

"சொல்லிரு. இல்ல, சொல்லாத. இரு, நான் பேசுறேன். நான் எப்படிப் பேச? ஹெப்சி, நீயே சொல்லு, நான் இப்ப என்ன செய்யணும்?"

"எனக்குப் பசிக்குதுண்ணா" என்றேன். பசித்தது. சமோசா சாப்பிட்டேன். அவர் முதல் வரியை ஒரு தாளில் அழகாக எழுதிக் கொடுத்தார். புள்ளியெல்லாம் சரியாக வைத்தார்.

இன்று காலையில் ஸ்டேஷனில் நின்று அதைப் படம் எடுத்து அந்தோணி அண்ணனுக்கு அனுப்பினேன். அனுப்பிய கையோடு அம்மாவிடமிருந்து போன்.

"ஏட்டி, அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

"அந்தக் கடைசி இழுவையும் இருக்கா? அதை விட்டுறாத. எனக்கு அதான் வேணும்."

"எதுக்கும்மா?"

"எதுக்குன்னா? அதுவரைக்கும் பாடிட்டு நிப்பேன். அடுத்தது என்னவா இருக்கும்னு யோசிப்பேன். உங்க அப்பா என்னமோ ஒண்ணு மனசுல வச்சிருந்திருக்காங்க. நான் கேக்கவே இல்ல பாரு, உயிரோட இருக்கும்போது."

நான் வாயைத் திறந்தேன். "அம்மா, வண்டி வந்துட்டு, வைக்கேன்" என்று சொல்லிவிட்டேன். வண்டி வரவில்லை. அதுக்கப்புறம் இருபது நிமிடம் கழித்துத்தான் வந்தது.

இப்போது நிலைமை இதுதான் அக்கா. இன்று மதியம் கல் வெட்ட ஆரம்பித்துவிடுவார். நான் சும்மா இருந்தால், ஏழு பேர் வந்ததும் நான் வராததும் அப்பா தலைமாட்டில் கல்லிலேயே நின்றுவிடும், அம்மா ஞாயிறுதோறும் அதன் முன்னால் நின்று பாடுவார்கள். நான் சொன்னால் அம்மாவிடம் இருக்கிற ஒரே பாட்டும் போய்விடும். கோடு யார் என்றும் கேட்பார்கள். கேட்காமல் இருக்க மாட்டார்கள், டீச்சர்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? வேண்டாம், சொல்லாதீர்கள். எனக்கு யோசனை பிடிக்காது.

இருங்கள், போன் அடிக்கிறது. அந்தோணி அண்ணன்தான். என் போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் கேட்கும், தப்பாக நினைக்காதீர்கள்.

"ஈபி சார் மகளா? அந்தோணி பேசுதேன்."

"சொல்லுங்கண்ணே."

"படம் பாத்தேன். ஏழு எழுத்து, நடுவுல நடுவுல ரெண்டு ரெண்டு புள்ளி. நல்லா இருக்கு. கடைசில ஒரு கோடு கிடக்கே, அது பேனா இழுத்துட்டா?"

"இல்லண்ணே. அது உண்டு."

"எழுத்தே இல்லையேம்மா. முடிவுல வெறுங்கோடு நின்னா, பாக்குறவன் அந்தோணி பாதில எந்திரிச்சுப் போய்ட்டான்னுல்லா சொல்லுவான். எடுத்துருவமா? எடுத்தா எழுத்தெல்லாம் நட்ட நடுவுல அழகா வரும்."

பார்த்தீர்களா. அவரே எடுத்துவிடுகிறேன் என்கிறார்.

"ஹலோ? எடுக்கவா, என்ன? மெஷின் ஓடிக்கிட்டு இருக்கு."

"எடுக்காதீங்க."

"அப்ப அது என்னதுன்னாச்சும் சொல்லு. சுரமா?"

"இல்லண்ணே. ஆள்."

"ஆளா?"

"எல்லாமே ஆளுதான். அது வராத ஆள்."

"ஏம்மா, வராத ஆளுக்கு எதுக்குக் கல்லுல இடம்?"

"அப்பா இடம் போட்டு வச்சிருந்தாங்க. வாரா வாரம்."

"என்னமோ போ, எனக்கு ஒண்ணும் வெளங்கல. கோடு எம்புட்டு நீளம் வேணும்?"

"மத்த எழுத்துக்கு எவ்வளவு இடம் விடுவீங்களோ, அவ்வளவு."

"சரி, வைக்கேன்."

அக்கா, நீங்கள் ஏன் அழுகிறீர்கள்? உங்களுக்கு அவரைத் தெரியவே தெரியாதே.

ஒரு நிமிடம். அந்தோணி அண்ணன் சாப்பாட்டுக்கு எங்கள் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போவார். வாயில் ஒன்றும் நிற்காது. 'டீச்சர், அந்த வராத ஆள் யாரு?' என்று கேட்டுவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவார். மணி பன்னிரண்டே கால். ஒரு மணிக்குப் போவார்.

இங்கே சிக்னல் முழுசாக இருக்கிறது.

"அம்மா? இல்லம்மா, இன்னும் திருச்சி வரல. சாப்பிட்டேன். அம்மா, பாடுறதை நிறுத்துங்க. ஒரு நிமிஷம் நிறுத்துங்க. அடுப்பையும் அணைச்சுருங்க. சொல்றேன், உக்காருங்க. அப்பா இருக்கும்போது நான் பன்னிரண்டு சனிக்கிழமை பயிற்சிக்குப் போகலல்ல, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"